எழுத்தால் ஆன முகங்கள்

தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு மனிதரின் முகம். கருப்பு வெள்ளைப் புகைப்படம் மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை, வெறும் எழுத்துக்கள்! சின்ன எழுத்து, பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் எழுத்து. ஃபோட்டோஷாப் ஓரளவு பழகிய கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே மதியத்தில் செய்துவிடக்கூடிய வேலைதான் இது. தலைவர்கள், நடிகர்கள், தாத்தா பாட்டி என்று எல்லோருடைய முகத்தையும் இப்படி எழுத்தாக மாற்றியாயிற்று.

கணினி வந்த பிறகு முளைத்த வித்தை இது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் எழுத்தையும் உருவத்தையும் ஒன்றாக நெய்யும் இந்த வேலைக்குக் கிட்டத்தட்ட ஆயிரத்து எழுநூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் நாடு கடத்தப்பட்ட கவிஞர், பெற்ற மகன்களே பதவியைப் பறித்த பேரரசர், தலை வெட்டப்பட்ட மன்னர், கையே இல்லாத ஓவியர் என்று பலரும் வருகிறார்கள். கூடவே ஒரு பழைய சண்டையும் வருகிறது: எழுத்து படிப்பதற்கா, பார்ப்பதற்கா?

முதலில் மென்பொருளில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய கதை புரிவதற்கு அது உதவும்.

ஒரு புகைப்படத்தை எடுத்து நிறத்தை நீக்கி, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டவேண்டும். பிறகு மூன்று நான்கு சாயல்களாகப் பிரிக்கவேண்டும். தலைமுடி, புருவம், மூக்கின் நிழல் எல்லாம் அடர்ந்த கருப்பு. கன்னத்தின் ஓரம் நடுச் சாயல். நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளை. இப்போது புகைப்படத்தின் மேல் ஒரு புதிய லேயர் போட்டு அதில் எழுத்தை நிரப்பவேண்டும். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம்; அடியில் இருப்பது தெரியும்; ஒன்றை அழித்தாலும் மற்றது கெடாது. கருப்பு வரவேண்டிய இடத்தில் தடித்த எழுத்தை இரண்டு மூன்று அடுக்காக, வேறு வேறு கோணத்தில் போட்டால் வெள்ளை இடுக்குகள் அடைந்துவிடும். நடுச் சாயலுக்கு மெல்லிய எழுத்து ஒரே அடுக்கு. வெள்ளைக்கு ஒன்றுமே வேண்டாம். ஒவ்வொரு அடுக்கிலும் தேவையில்லாத பகுதியை 'மாஸ்க்' போட்டு மறைத்துவிடலாம். கடைசியில் அடியில் இருக்கும் புகைப்படத்தை எடுத்துவிட்டால் எழுத்து மட்டும் மிஞ்சும். முகம் அப்படியே நிற்கும்!

இன்னொரு சுலபமான வழியும் உண்டு. புகைப்படத்தை எழுத்துக்களின் வடிவத்துக்குள் வெட்டி வைத்துவிடுவது. மாவில் அச்சு வைத்து முறுக்கு பிழிவது போல, எழுத்துதான் அச்சு, புகைப்படம்தான் மாவு. சோம்பேறிகளின் வழி என்று சொன்னாலும் தப்பில்லை. ஏனென்றால் இங்கே முகத்தை உருவாக்குவது எழுத்து இல்லை, அடியில் ஒளிந்திருக்கும் புகைப்படம். முதல் வழியில்தான் எழுத்தின் கருமையே நிழலாக மாறுகிறது. பழைய காலத்து ஆட்கள் செய்ததும் அதைத்தான்.

கவிதை கொடுத்து மன்னிப்பு வாங்கியவர்

கி.பி. 4ஆம் நூற்றாண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சி. ஒப்டாஷியானுஸ் பொர்ஃபிரியுஸ் என்ற கவிஞர் நாடு கடத்தப்பட்டிருந்தார். திரும்பி வர அவருக்கு ஒரே வழி, பேரரசரின் மனதைக் கரைப்பது. சாதாரணப் புகழ்ச்சிப் பாடல்கள் அரண்மனைக்கு மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த காலம். எனவே அவர் வேறு மாதிரி செய்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரே எண்ணிக்கையில் எழுத்துக்கள் வரும்படி லத்தீனில் பாடல்களை எழுதினார். அதனால் பாடல் முழுவதும் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக நின்றது. அந்தக் கட்டத்தில் சில எழுத்துக்களை மட்டும் வேறு நிறத்தில் காட்டினார். அவை சேர்ந்து ஓர் உருவத்தை வரைந்தன. அந்த எழுத்துக்களை மட்டும் தனியாகப் படித்தால் அது இன்னொரு கவிதை! ஒரு பாடலில் கப்பல் ஒன்று வருகிறது. அதன் பாய்மரம் கிறிஸ்துவின் பெயர்ச் சின்னம்.

கான்ஸ்டன்டைன் மனம் இரங்கினார். கவிஞர் திரும்ப அழைக்கப்பட்டார். இந்தச் செய்தியைப் புனித ஜெரோம் தம் வரலாற்றுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அதோடு முடியவில்லை, அதே ஒப்டாஷியானுஸ் பின்னாளில் இரண்டு முறை ரோம் நகரத்தின் ஆளுநராகவும் ஆனார். எழுத்தில் படம் வரைந்து இவ்வளவு லாபம் பார்த்தவர் அவருக்குப் பிறகு யாரும் இருக்க மாட்டார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சித்திரகவி நினைவுக்கு வந்திருக்கும். நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் எழுத்து இரண்டு வரிக்கும் பொதுவாக நிற்கும். சக்கரம், முரசம், கோமூத்திரி என்று தண்டியலங்காரம் சொல்லணியில் இவற்றை வகைப்படுத்துகிறது. லத்தீன்காரர்களுக்கும் நம் புலவர்களுக்கும் ஒரே கிறுக்கு பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆனால் நம்முடைய சித்திரகவி பெரும்பாலும் பாம்பு, தேர், சக்கரம் என்று நின்றுவிட்டது. மனித உருவம் பக்கம் போனது ஐரோப்பாவில்.

ஒப்டாஷியானுஸின் முறையைப் படித்து அதை ஒரு படி மேலே கொண்டுபோனவர் ராபானுஸ் மாவ்ருஸ் என்ற துறவி. ஜெர்மனியில் உள்ள ஃபுல்டா மடத்தைச் சேர்ந்தவர். பிறகு அந்த மடத்தின் தலைவராகவும் (822 முதல் 842 வரை), மைன்ஸ் நகரப் பேராயராகவும் இருந்தவர். சிலுவையைப் போற்றி அவர் எழுதிய நூலில் 28 உருவப் பாடல்கள் இருக்கின்றன. முதல் பாடலில் கைகளை விரித்தபடி கிறிஸ்து நிற்கிறார். கடைசிப் பாடலில் சிலுவைக்குக் கீழே மண்டியிட்டுக் கிடப்பது வேறு யாரும் இல்லை, ராபானுஸேதான்! அதாவது தன் உருவத்தைத் தானே எழுத்தின் மேல் வரைந்துகொண்டார்.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பக்கம் முழுவதும் ஒரு பாடல் கட்டம் கட்டமாக ஓடுகிறது. அது ஓர் அடுக்கு. அதன் மேல் வண்ணத்தில் மனித உருவம். அது இரண்டாவது அடுக்கு. உருவத்தின் எல்லைக்குள் அகப்பட்ட எழுத்துக்களை மட்டும் கூட்டிப் படித்தால் வேறொரு பாடல் வருகிறது. அது மூன்றாவது அடுக்கு. லேயர், மாஸ்க் இரண்டுமே இங்கே இருக்கின்றன; கணினிதான் இல்லை. படி எடுக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் அந்த வரி முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பாடலும் சேர்ந்து உடையும். 'அன்டூ' இல்லாத காலத்தில் கன்றுத் தோலில் மையால் செய்த வேலை இது.

இந்த நூலின் படிகளில் 830களில் புதிதாக ஓர் உருவம் சேர்ந்தது. பேரரசர் லூயியின் உருவம். சார்லமேனின் மகன், பக்திமான் லூயி என்று பெயர். தலையில் கவசம், கையில் சிலுவைக் கோல், இன்னொரு கையில் கேடயம். அவர் உடல் முழுவதும் எழுத்து. கேடயத்துக்குள் ஒரு வரி, தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்குள் ஒரு வரி. அந்த வருடங்களில் லூயியின் நிலைமை மோசம். 833இல் சொந்த மகன்களே படை திரட்டி வந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மறு வருடம்தான் அவர் மீண்டும் அரியணை ஏறினார். ராபானுஸ் அப்பாவின் பக்கம் நின்றார். பிள்ளைகள் தந்தைக்கும் அரசனுக்கும் காட்டவேண்டிய மரியாதை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதிக் கொடுத்தார். இந்தப் பின்னணியில் அந்த உருவத்தைப் பார்த்தால், அது சும்மா அலங்காரம் இல்லை என்பது புரியும். கோட்டை இழந்து மீண்ட ஒரு மனிதருக்கு எழுத்தாலேயே கவசம் போட்டுவிட்டிருக்கிறார்.

ஆனால் இவ்வளவும் செய்த ராபானுஸுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் உரைநடையில் விளக்கம் எழுதிவைத்தார். உள்ளே ஒளிந்திருக்கும் பாடலைத் தானாகக் கண்டுபிடித்துப் படிப்பவர்கள் குறைவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே 9ஆம் நூற்றாண்டில் கரோலிங்கியப் பேரரசில் உருவான இன்னொரு கையெழுத்துப் பிரதி இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. விண்மீன் கூட்டங்களைப் பற்றிய நூல். அதில் விலங்குகள், மனிதர்கள் என்று ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் ஓர் உருவம். தலையும் கால்களும் வண்ணத்தில் தீட்டியவை. உடல் மட்டும் முழுக்க முழுக்க எழுத்து! அந்த விண்மீன் கூட்டத்தின் கதையே அதன் உடலாக நிரம்பியிருக்கிறது. படத்துக்குக் கீழே கிரேக்கக் கவிஞர் அராட்டஸின் பாடல், சிசரோவின் லத்தீன் மொழிபெயர்ப்பில். இன்றைய 'டைப்போகிராஃபி போஸ்டர்' என்று சொல்லி ஒட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பறவையா, பாடமா?

யூதர்களிடம் இந்தக் கலை வேறு காரணத்தால் வளர்ந்தது. ஹீப்ரு வேதத்தை ஓர் எழுத்து பிசகாமல் பாதுகாக்க மசோரா என்ற குறிப்புகளை அறிஞர்கள் உருவாக்கினார்கள். இந்தச் சொல் வேதத்தில் எத்தனை முறை வருகிறது, இந்த இடத்தில் எழுத்து வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, திருத்திவிடாதே என்பது போன்ற குறிப்புகள். ஒரு கோப்பு சரியாகப் பதிவிறங்கியதா என்று பார்க்கக் கணினியில் கூட்டுத்தொகை வைத்துச் சோதிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. இவற்றைப் பக்க ஓரங்களில் மிகச் சிறிய எழுத்தில் எழுதினார்கள்.

சிறிய எழுத்து, காலி ஓரம், எழுதுபவருக்குக் கைத்திறமை. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? குறிப்பு வரிகள் வளைந்து கோலம் ஆயின. 1008ஆம் ஆண்டு வாக்கில் கெய்ரோவில் எழுதப்பட்டு, இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கும் லெனின்கிராட் பிரதியில் கம்பளம் விரித்தது போன்ற பக்கங்கள் இருக்கின்றன. கோடு என்று நினைத்து உற்றுப் பார்த்தால் அத்தனையும் எழுத்து. பிறகு ஜெர்மனிப் பக்கம் இந்த வழக்கம் போனபோது கோலம் உயிர் பெற்றது. பறவை, சிங்கம், மரம், கோட்டை, யாளி மாதிரி விசித்திர மிருகங்கள் எல்லாம் மசோராவில் முளைத்தன.

இங்கேதான் சண்டை. யூதா ஹெஹசித் என்ற ஜெர்மானிய யூத அறிஞர் 1217இல் காலமானவர். அவர் பெயரால் வழங்கும் நூலில் ஒரு கண்டிப்பான அறிவுரை வருகிறது. வேதம் எழுத ஓர் எழுத்தரை வேலைக்கு வைத்தால், மசோராவைப் பறவையாகவோ மிருகமாகவோ மரமாகவோ வரையக்கூடாது என்று முன்பே நிபந்தனை போட்டுவிடு என்பது அதன் சாரம். காரணம் நியாயமானது. பறவையின் இறக்கைக்குள் சுருண்டு கிடக்கும் குறிப்பை யார் படிப்பது? பிழை வராமல் காப்பதற்காக எழுதிய குறிப்பு, யாரும் படிக்க முடியாத அலங்காரமாக ஆகிவிட்டால் எழுதியும் பயன் இல்லையே! எழுத்தர்கள் கேட்டார்களா? இல்லை. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் பறவைகள் பறந்துகொண்டுதான் இருந்தன. பின்னாளில் ரபிகளின் முகங்களையும் தலைவர்களின் முகங்களையும் அதே நுண்ணெழுத்தில் வரைந்தார்கள்.

துருக்கியில் இதற்கு நேர் எதிரான ஒரு முறை இருந்தது. ஓட்டோமான் எழுத்துக் கலைஞர் ஹாஃபிஸ் ஒஸ்மான் (1642-1698) 'ஹில்யே' என்ற வடிவத்தை ஒழுங்குபடுத்தினார். நபிகள் நாயகத்தின் உருவத்தை வரைவதில்லை என்பதால், அவர் தோற்றத்தை விவரிக்கும் வாசகத்தையே, குறிப்பாக அலி சொன்னதாக வழங்கும் வர்ணனையை, நடுவில் ஒரு வட்டத்துக்குள் அழகாக எழுதி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். முகம் இல்லாத உருவப்படம். இங்கே எழுத்தைப் படித்தால்தான் ஆள் தெரிவார். எழுத்து முகங்கள் என்ற இந்த வரிசையில் எழுத்துக்கு முழு மரியாதை கிடைத்தது இந்த ஒரு வடிவத்தில்தான் என்று தோன்றுகிறது.

மன்னரின் முகம், கையில்லாதவரின் முடி

இங்கிலாந்தில் 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அவருடைய ஆதரவாளர்கள் அவரைத் தியாகியாகக் கொண்டாடினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் அவருடைய உருவப்படம் ஒன்று உண்டு. முகத்தின் கோடுகள் எல்லாம் சங்கீதப் பாடல்களும் பிரார்த்தனைகளும். அந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மகன் இரண்டாம் சார்லஸ் கல்லூரிக்கு வந்தபோது அதைக் கேட்டாராம். மன்னர் கேட்டால் மறுக்க முடியுமா? கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு என்ன வேண்டும், கேளுங்கள் என்றாராம் மன்னர். "அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்களாம்! கதை எவ்வளவு உண்மையோ, படம் கல்லூரியில்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றிலேயே மறக்க முடியாத ஆள் மத்தியாஸ் புக்கிங்கர். 1674இல் ஜெர்மனியில் அன்ஸ்பாக் பகுதியில் பிறந்தவர். பிறக்கும்போதே இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கால்களும் இல்லை. முழு வளர்ச்சிக்குப் பிறகும் அவர் உயரம் 29 அங்குலம். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்தவர்களைச் சந்தையில் நிறுத்திக் காசு வாங்கிக் காட்டுவார்கள். புக்கிங்கரும் அப்படித்தான் பிழைத்தார். ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தது அவருடைய உடலைப் பார்த்து இல்லை, அவர் செய்த வேலையைப் பார்த்து. மாயாஜாலம் செய்தார், இசைக்கருவிகள் வாசித்தார், புட்டிக்குள் சிறு உருவங்களைப் பொருத்தினார். இவை எல்லாவற்றுக்கும் மேலே, எழுதினார்.

1724இல் லண்டனில் அவர் தன்னுடைய உருவத்தைத் தானே வரைந்து அச்சிட்டார். நல்ல உடை, தோள் வரை சுருள் சுருளாக இறங்கும் தலைமுடி. அந்தச் சுருள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முடி இல்லை. பைபிளின் ஏழு சங்கீதங்களும் கர்த்தர் கற்பித்த ஜெபமும்! வார்த்தைக்கு வார்த்தை படிக்கலாம். படத்துக்குக் கீழே, தன்னைப் பற்றிய விவரமும், இதை வரைந்ததும் எழுதியதும் தானே என்ற அறிவிப்பும். ஆளைச் சந்தையில் பார்க்க வருபவர்கள் ஒரு காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் இந்தத் தாளில் அவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அவர் தலைமுடியைத்தான். மன்னர்களுக்கும் பிரபுக்களுக்கும் இப்படி எழுத்து ஓவியங்கள் செய்து கொடுத்தே நான்கு மனைவிகளையும் பதினான்கு பிள்ளைகளையும் கொண்ட குடும்பத்தை நடத்தினார். 2016இல் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்களுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. அவற்றைச் சேகரித்து வைத்திருந்தவர் ரிக்கி ஜே என்ற மாயாஜாலக் கலைஞர். ஒரு மாயாஜாலக்காரரின் பொக்கிஷத்தை இன்னொரு மாயாஜாலக்காரர் காப்பாற்றியிருக்கிறார்.

லிங்கனின் தாடி

மென்பொருளில் இன்று செய்யும் முறைக்கு மிக நெருங்கிய பழைய படம் அமெரிக்காவில் இருக்கிறது. 1865ஆம் ஆண்டு, ஐயோவா மாநிலம், டேவன்போர்ட் நகரம். பிராட் என்பவர் வடிவமைத்து, ஹாகெபெக் என்பவர் கல்லச்சில் அடித்தது. தாளில் இருப்பது லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம். 1863 ஜனவரி 1 அன்று வெளியான பிரகடனத்தின் வாசகம்தான் வரி வரியாக ஓடுகிறது. ஆனால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் லிங்கனின் முகம் வருகிறது!

புக்கிங்கர் போல முடியை மட்டும் எழுத்தாக்கவில்லை பிராட். எழுத்தின் கோட்டைச் சில இடங்களில் தடிப்பாக்கினார், சில இடங்களில் மெலியவிட்டார். தாடியும் கண்குழியும் வரவேண்டிய இடத்தில் எழுத்து தடித்து அடர்கிறது, நெற்றியில் மெலிகிறது. வரி உடையவில்லை, வாசகம் கெடவில்லை. ஃபோட்டோஷாப்பில் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்து நிழல் கொண்டுவருகிறோமே, அதே தத்துவம். யூதா ஹெஹசித்தின் புகாருக்கும் இதில் பதில் இருக்கிறது: முகமும் தெரிகிறது, எழுத்தையும் படிக்கலாம்.

அந்த வருடத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை இறந்தார். பிரகடனமோ அரைகுறை. கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் அடிமைகளை மட்டுமே அது விடுவித்தது. வடக்கோடு சேர்ந்து நின்ற அடிமை மாநிலங்களைத் தொடவில்லை. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13ஆவது சட்டத் திருத்தம் நிறைவேறியது அதே 1865 டிசம்பரில்தான். அந்த மனிதரையும் அந்த வாசகத்தையும் இனிப் பிரிக்க முடியாது என்று சொல்ல, இரண்டையும் ஒரே மையில் அச்சடித்ததைவிட நேரடியான வழி வேறு என்ன இருக்கிறது? இதே முறையில் சுதந்திரப் பிரகடனத்தைக் கொண்டு வாஷிங்டனின் முகத்தையும் பிராட் செய்தார். ஆனால் லிங்கன் படம்தான் மனதில் நிற்கிறது. வாஷிங்டனிடம் அடிமைகள் இருந்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தட்டச்சு முதல் கணினி வரை

தட்டச்சு இயந்திரம் வந்ததும் அதிலும் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஃப்ளோரா ஸ்டேசி என்ற பெண் தட்டச்சில் செய்த வண்ணத்துப்பூச்சி 1898இல் வெளியானது. முகங்களில் பெயர் வாங்கியவர் பால் ஸ்மித் (1921-2007). அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். பெருமூளை வாதத்தால் அவர் கைகள் அவர் சொன்னதைக் கேட்காது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து நிதானப்படுத்தித்தான் ஒவ்வொரு விசையையும் அழுத்துவார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது கஷ்டம் என்பதால் 'ஷிஃப்ட்' விசையைப் பூட்டிவிட்டு, எண்களுக்கு மேலே இருக்கும் குறிகளை மட்டும் பயன்படுத்தினார். நட்சத்திரக் குறி, சதவிகிதக் குறி, டாலர் குறி, அடைப்புக்குறி. அவற்றைக் கொண்டே மோனலிசாவைத் தட்டினார். அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தால் கருமை கூடும் என்பதுதான் அவருடைய 'லேயர்'.

கணினி இந்தக் கதைக்குள் வந்தது கொஞ்சம் விளையாட்டாக. 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் நோல்டனும் லியோன் ஹார்மனும் ஒரு புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் எண்ணாக மாற்றினார்கள். பிறகு அந்தந்தக் கருமைக்கு ஏற்ற ஒரு சிறு குறியை, மின்னணுச் சுற்றுகளை வரையும் குறிகளை, அங்கே பதித்தார்கள். கிட்டே பார்த்தால் டிரான்சிஸ்டர் குறிகள்; தள்ளி நின்றால் படுத்திருக்கும் ஒரு நிர்வாணப் பெண். பன்னிரண்டு அடி அகலத்தில் அச்சிட்டு, மேலதிகாரி ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்! நிர்வாகம் முகம் சுளித்தது. 1967 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அந்தப் படத்தை வெளியிட்டது. 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சியில் இடம்பெற்றது. பத்திரிகையில் வந்துவிட்டால் குறும்பு கலையாகிவிடும் போலிருக்கிறது.

ஹார்மனுக்கு இதில் விளையாட்டைத் தாண்டிய கேள்வி ஒன்று இருந்தது. ஒரு முகத்தை அடையாளம் காண மூளைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தகவல் தேவை? 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முகம் சில நூறு சாம்பல் நிறச் சதுரங்களாக மட்டும் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் யார் என்று உடனே தெரிந்துவிடும். அது லிங்கன்! நுணுக்கமான விவரங்கள் மங்கும்போது மூளை பெரிய நிழல்களைப் பிடித்துக்கொள்கிறது. எழுத்து முகங்களைத் தள்ளி நின்று பார்க்கவேண்டியதன் காரணமும் இதுதான். கிட்டே இருக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் 'என்னைப் படி' என்று கூப்பிடுகிறது. தூரம் போனால் அந்தச் சத்தம் அடங்கி நிழல் மட்டும் நிற்கிறது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், கருப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் சாயல்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அவர் சகோதரர் ஜான் நோல் திரைப்படங்களுக்கு விசேஷக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்தார். இருவரும் சேர்ந்து வளர்த்த அந்த நிரலை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்று வெளியிட்டது. அப்போது அதில் லேயர் கிடையாது. எழுத்தைப் போட்டுவிட்டு வேறு இடத்தில் சொடுக்கினால் அது படத்தோடு கரைந்துவிடும். அப்புறம் தொட முடியாது. ராபானுஸின் கன்றுத் தோலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பில், போட்ட எழுத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்தும் வசதி வந்தது. காசு இல்லாத மாணவர்களுக்குக் கிம்ப் இருந்தது; அதை 1995 வாக்கில் எழுதத் தொடங்கிய இருவரும் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களே.

தமிழ் எழுத்தில் முகம் செய்ய முயன்றவர்களுக்குத் தனிப் பாடு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளுக்கு யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது. 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' மூன்றாக உடையும். அதனால் வடிவமைப்பாளர்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள். இன்னொரு பக்கம், தமிழ் எழுத்து இந்த வேலைக்கு மிகவும் தோதானது. 'ணை', 'ஞூ' போன்றவை சுழிகளால் நிரம்பியவை. கண்மணிக்கும் மீசைக்கும் பொருந்தும். 'ட', 'ப', 'ர' எல்லாம் காற்றோட்டமானவை, கன்னத்துக்குப் போதும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தடித்த எழுத்துருவும் மெல்லிய எழுத்துருவும் தனித்தனியாகத் தேடவேண்டும்.

வேலை முடிந்ததும் கோப்பை ஜேபெக் ஆகச் சேமிக்கிறார்கள். அந்த நொடியில் எல்லா அடுக்குகளும் ஒன்றாக நசுங்கிவிடும். எழுத்து எழுத்தாக இருக்காது, புள்ளிகளாகிவிடும். அதில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூட முடியாது. அதனாலோ என்னவோ, என்ன எழுதுகிறோம் என்று பலர் கவலைப்படுவதே இல்லை. முகத்தை நிரப்ப 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளை ஒட்டிவிடுகிறார்கள். அச்சுத் தொழிலில் காலி இடத்தை நிரப்பப் பயன்படும் வரிகள் அவை. அவற்றின் மூலம் கி.மு. 45இல் எழுதப்பட்ட ஒரு தத்துவ நூல். சொற்களைப் பாதியில் வெட்டிச் சிதைத்துத் தயாரித்தது. அந்த நூலை எழுதியவரும் சிசரோதான், ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் எழுத்தால் உடல் செய்த அந்த விண்மீன் படங்களுக்குக் கீழே யாருடைய வரிகள் ஓடுகின்றனவோ, அதே சிசரோ.